1950 கிளீவ்லாந்து பிரவுன்ஸ்: தோல்வியே காணாத 1948ஐ விட இந்த ஆண்டு பெரிது

ஏரிக்கரை எழுதியது:

அமெரிக்கக் கால்பந்தில் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியின் பொற்காலம் பற்றிப் பேச்செடுத்தாலே 1948ஐத்தான் சொல்கிறார்கள். இறுதிப் போட்டி உட்பட அந்த ஆண்டு ஆடிய 15 ஆட்டங்களிலும் வெற்றி; தோல்வியும் இல்லை, சமனும் இல்லை. என் கட்சி வேறு. அந்த அணி செய்தவற்றிலேயே பெரியது 1950தான். அந்த ஆண்டு லீக் ஆட்டங்களில் இரண்டு முறை தோற்றார்கள் என்பதைத் தெரிந்தேதான் சொல்கிறேன்.

பின்னணி தெரியாதவர்களுக்காக: 1946இல், அந்த விளையாட்டின் பழைய பெரிய லீக்கான என்.எஃப்.எல்.லுக்குப் (நேஷனல் ஃபுட்பால் லீக்) போட்டியாக ஆல்-அமெரிக்கா கான்ஃபரன்ஸ் என்ற புதிய லீக் களமிறங்கியது. நான்கு ஆண்டுகள் நடந்தது, நான்கு கோப்பையும் பிரவுன்ஸுக்கே போயின. லீக் ஆட்டங்களின் கணக்கு 47 வெற்றி, 4 தோல்வி, 3 சமன். எப்போதும் ஒரே அணி வென்றால் காசு கொடுத்துப் பார்க்க யார் வருவார்கள்? கிளீவ்லாந்திலேயே கூட்டம் குறைந்தது. இரண்டு லீக்குகளும் வீரர்களுக்காகப் போட்டி போட்டுச் சம்பளத்தை ஏற்றியதில் முதலாளிகள் எல்லோரும் கையைச் சுட்டுக்கொண்டார்கள். 1949 டிசம்பரில் புதிய லீக்கை மூடிவிட்டு, பிரவுன்ஸ், சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ், பால்டிமோர் கோல்ட்ஸ் ஆகிய மூன்று அணிகளை மட்டும் என்.எஃப்.எல். சேர்த்துக்கொண்டது.

அந்த நான்கு ஆண்டுகளும் அவர்கள் கேட்ட ஏளனம் கொஞ்சமல்ல. முதலில் ஒரு பந்தை வாங்கட்டும், பிறகு பேசலாம் என்ற பொருளில் தொடக்கத்திலேயே என்.எஃப்.எல். தலைவராக இருந்த எல்மர் லேடன் சொன்னார். எங்கள் லீக்கின் கடைசி அணிகூட உங்கள் முதல் அணியை வென்றுவிடும் என்று பேசியவர் வாஷிங்டன் ரெட்ஸ்கின்ஸ் முதலாளி ஜார்ஜ் பிரஸ்டன் மார்ஷல். பயிற்சியாளர் பால் பிரவுன் இதற்கு வாயால் பதில் சொல்லவில்லை. பத்திரிகைத் துணுக்குகளைச் சேர்த்து வைத்துக்கொண்டார்.

1950 அட்டவணையை வகுத்த என்.எஃப்.எல். ஆணையர் பெர்ட் பெல், முதல் ஆட்டத்திலேயே பிரவுன்ஸை பிலடெல்ஃபியா ஈகிள்ஸோடு மோதவிட்டார். 1948, 1949 இரண்டு ஆண்டும் கோப்பை வென்ற அணி அது. மற்ற அணிகள் ஞாயிற்றுக்கிழமை தொடங்க, இந்த ஓர் ஆட்டம் மட்டும் முந்தைய நாள், செப்டம்பர் 16, சனிக்கிழமை இரவு. ஈகிள்ஸின் வழக்கமான மைதானம் போதாது என்று நகரின் பெரிய முனிசிபல் ஸ்டேடியத்துக்கு மாற்றினார்கள். வந்தவர்கள் 71,237 பேர். பிரவுன்ஸ் 35, ஈகிள்ஸ் 10.

1948இல் யாரை வென்றார்கள் என்று கேட்டால் "அந்த லீக்கில் யார் இருந்தார்கள்" என்று ஒரு வரியில் தள்ளிவிடலாம். 1950ஐ அப்படித் தள்ள முடியாது. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

*

பழைய_ஸ்கோர்போர்டு எழுதியது:

மறுக்கிறேன் நண்பரே. நீங்கள் விட்டுவிட்ட இரண்டு செய்திகளைச் சொல்கிறேன்.

முதலாவது, ஈகிள்ஸின் உயிர்நாடி ஸ்டீவ் வான் பியூரன். லீக்கிலேயே பந்தோடு அதிக தூரம் ஓடியவர் என்ற பெருமையை அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து பெற்றவர். காயம் காரணமாக அன்று அவர் ஆடவில்லை. அவர் இல்லாத ஈகிள்ஸ் முழு ஈகிள்ஸ் ஆகாது.

இரண்டாவது இதைவிட முக்கியம். பிரவுன்ஸோடு சேர்ந்து வந்த மற்ற இரண்டு அணிகளும் என்ன ஆயின? ஃபார்ட்டிநைனர்ஸ் 3 வெற்றி, 9 தோல்வி. கோல்ட்ஸ் 1 வெற்றி, 11 தோல்வி; ஆண்டு முடிந்ததும் அணியே கலைந்தது. இதே ஃபார்ட்டிநைனர்ஸ்தான் 1949 அக்டோபரில் பிரவுன்ஸை 56–28 என்று புரட்டி எடுத்து, 29 ஆட்டங்களாகத் தோல்வி காணாத அவர்களின் ஓட்டத்தை நிறுத்தியது. பழைய லீக்கில் பிரவுன்ஸுக்கு நிகராக நின்ற அணி புதிய லீக்கில் மூன்று ஆட்டம்தான் வென்றது என்றால் பழைய லீக்கின் தரம் என்ன? பிரவுன்ஸ் பெரிய அணி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் 1950 அந்த லீக்கின் மானத்தைக் காப்பாற்றிய ஆண்டு என்று சொன்னால் ஏற்க மாட்டேன்.

*

வரைபலகை எழுதியது:

வான் பியூரன் இல்லாதது உண்மை. ஆனால் அவர் ஓடுகிறவர். பிரவுன்ஸ் அடித்த 35 புள்ளியை அவர் எப்படித் தடுத்திருப்பார்? அன்று உடைந்தது ஈகிள்ஸின் தடுப்பு. அது எப்படி உடைந்தது என்பதில்தான் சுவை இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொடக்கம் பிரவுன்ஸுக்குச் சரியாக இல்லை. டான் ஃபெல்ப்ஸ், எதிரணி தொலைவாக உதைத்துத் தந்த பந்தை (பன்ட்) பிடித்து, கோல் கோட்டைத் தாண்டி டச்டவுன் வரை ஓடினார். பின்னாலிருந்து தடுத்த குற்றத்துக்காக நடுவர்கள் அதை ரத்து செய்தார்கள். அதே ஓட்டத்தில் லூ குரோசாவுக்கு அடிபட்டது. பிரவுன்ஸுக்காகக் கோல் கம்பத்தை நோக்கி உதைப்பவர் அவர்தான். ஈகிள்ஸ் ஒரு ஃபீல்ட் கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் 3 புள்ளி) அடித்து 3–0 என்று முன்னே போனது.

பிரவுன்ஸின் டப் ஜோன்ஸை மறித்துக்கொண்டிருந்தவர் ரஸ் கிராஃப்ட். ஜோன்ஸ் மறுபடி மறுபடி சில கஜம் ஓடி ஓரக்கோட்டை நோக்கித் திரும்பினார். குறுகிய பாஸ்கள். கிராஃப்ட் அந்தத் திருப்பத்துக்குப் பழகிவிட்டார், அதை எதிர்பார்த்து முன்னே பாயத் தொடங்கினார். அதற்காகவே காத்திருந்தார்கள். ஜோன்ஸ் ஓரமாகத் திரும்புவதுபோல ஒரு தோள் அசைவு காட்டிவிட்டு நேராக ஓடினார். பாஸ் எறியும் குவார்ட்டர்பேக் ஆட்டோ கிரஹாம் எறிந்த பந்து அவர் ஓட்டத்துக்குச் சரியாக வந்து விழுந்தது. 59 கஜம், டச்டவுன்.

அடுத்தது முன்வரிசை. ஒவ்வொரு முயற்சியின் தொடக்கத்திலும் பிரவுன்ஸின் முன்வரிசை வீரர்கள் தங்களுக்கிடையே இருந்த இடைவெளியைச் சிறிது சிறிதாக அகலமாக்கிக்கொண்டே போனார்கள். எதிரே நின்ற ஈகிள்ஸ் வீரர்களும் அவரவர் ஆளுக்கு நேரே நிற்க நகர்ந்தார்கள். பாஸ்களைத் தடுப்பதிலேயே அவர்கள் கவனம் இருந்ததால் நடுவில் வாசல் திறந்ததைக் கவனிக்கவில்லை. இரண்டாம் பாதியில் அந்த வாசல் வழியாக ஓட்டக்காரர் மேரியன் மொட்லி பந்தோடு உள்ளே புகுந்தார். கிரஹாம் அன்று 346 கஜம் எறிந்தார், மூன்று டச்டவுன் பாஸ். மூன்றும் வெவ்வேறு ஆட்களுக்கு: ஜோன்ஸ், டான்டே லவெல்லி, மாக் ஸ்பீடி.

ஒரு வீரர் குறைந்ததால் வந்த தோல்வி அல்ல இது. ஈகிள்ஸின் ஐந்து பேர் முன்வரிசைத் தடுப்பைப் பல மாதம் படமாகப் பார்த்து, பிரித்து, விடை எழுதி வைத்துக்கொண்டு வந்தார்கள்.

*

ஏரிக்கரை எழுதியது:

வரைபலகை சொன்னதற்கு ஒரு பின்குறிப்பு. ஈகிள்ஸ் பயிற்சியாளர் கிரீஸி நீல், பிரவுன்ஸ் எப்போதும் எறிந்துகொண்டே இருக்கிறார்கள், இது கூடைப்பந்து அணி என்ற பொருளில் குறைப்பட்டுக்கொண்டார். டிசம்பர் 3 அன்று இரண்டு அணிகளும் கிளீவ்லாந்தில் மீண்டும் சந்தித்தன. அந்த ஆட்டம் முழுவதும் பிரவுன்ஸின் கணக்கில் ஒரு பாஸ்கூட ஏறவில்லை. வாரன் லார் ஒரு பாஸை இடைமறித்து ஓடி அடித்த டச்டவுன், குரோசாவின் இரண்டு ஃபீல்ட் கோல்கள். 13–7, வெற்றி. எறிந்தும் வெல்வோம், எறியாமலும் வெல்வோம் என்று ஒரே எதிரிக்கு ஒரே ஆண்டில் காட்டினார்கள்.

*

முதல்_வகுப்பு எழுதியது:

இந்த விளையாட்டை இப்போதுதான் படித்துத் தெரிந்துகொள்கிறேன். 12 லீக் ஆட்டங்களில் 10 வெற்றி என்றால் அந்த இரண்டு தோல்வியும் யாரிடம் அண்ணா?

*

வரைபலகை எழுதியது:

இரண்டும் ஒரே அணியிடம் தம்பி. நியூயார்க் ஜயன்ட்ஸ்.

அக்டோபர் 1, கிளீவ்லாந்தில், 6–0. பிரவுன்ஸ் அணி பிறந்ததிலிருந்து ஒரு புள்ளிகூட எடுக்காமல் தோற்றது அதுவே முதல் முறை. அக்டோபர் 22, நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸில், 17–13. ஜயன்ட்ஸ் பயிற்சியாளர் ஸ்டீவ் ஓவன் புதிய தடுப்பு முறை ஒன்றை அமைத்திருந்தார். முன்வரிசையில் ஆறு பேர் நிற்பார்கள். ஆனால் பந்து கைமாறியதும் இரு முனைகளிலும் நிற்பவர்கள் சில நேரம் பாயாமல் பின்வாங்கிப் பாஸைத் தடுக்கப் போவார்கள். பின்னால் நான்கு பேர் விரித்த குடைபோல வளைந்து நிற்பார்கள். எந்த முனை பாயும், எந்த முனை பின்வாங்கும் என்று கிரஹாமுக்குக் கடைசி நொடி வரை தெரியாது.

இப்போது பழைய_ஸ்கோர்போர்டு ஐயாவுக்கு ஒரு கேள்வி. அந்தக் குடைக்குக் கீழே நின்றவர்கள் யார் யார்? டாம் லாண்ட்ரி, ஹார்மன் ரோ, ஆட்டோ ஷ்னெல்பாக்கர், இவர்களோடு எம்லன் டனல். முன்வரிசையில் ஆர்னி வைன்மைஸ்டர். டனலைத் தவிர்த்து நான் சொன்ன நால்வரும் 1949இல் எங்கே ஆடினார்கள்? கலைக்கப்பட்ட அதே லீக்கின் நியூயார்க் யாங்கீஸ் அணியில். லீக்கை மூடியபோது அந்த அணியின் ஆட்கள் பிரிக்கப்பட்டு ஜயன்ட்ஸுக்குக் கிடைத்தார்கள். கிரஹாமை எதிர்த்து ஆடிப் பழகியவர்கள். என்.எஃப்.எல். உலகில் பிரவுன்ஸை நிறுத்த முடிந்த ஒரே தடுப்பை, ஏளனம் செய்யப்பட்ட லீக்கின் ஆட்களைக் கொண்டுதான் கட்ட முடிந்தது.

*

ஏரிக்கரை எழுதியது:

நான் சொல்ல வந்ததன் மையத்துக்கே வந்துவிட்டீர்கள். பிரவுன்ஸ் பக்கமும் அதே கதைதான். பாஸ் பிடிப்பதிலும் ஓடுவதிலும் அந்த ஆண்டு கைகொடுத்த ரெக்ஸ் பம்கார்ட்னர், முன்வரிசையின் ஏப் கிப்ரன், தடுப்பில் ஜான் கிஸ்ஸல் மூவரும் கலைக்கப்பட்ட பஃபலோ அணியிலிருந்து வந்தவர்கள். லென் ஃபோர்டு லாஸ் ஏஞ்சலஸ் டான்ஸ் அணியிலிருந்து வந்தவர். அதுவும் அதே லீக். கோல்ட்ஸ் 1–11 என்றீர்கள். அவர்கள் 1949இல் பழைய லீக்கிலும் 1–11தான். அங்கே கடைசி, இங்கேயும் கடைசி. ஆக அணிகளின் எண்ணிக்கையை வைத்து லீக்கை எடை போட வேண்டாம். நல்ல ஆட்கள் எங்கெங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று பாருங்கள்.

*

பழைய_ஸ்கோர்போர்டு எழுதியது:

ஜயன்ட்ஸ் பற்றிச் சொன்னது வலுவான வாதம். ஆனால் அது உங்கள் தலைப்பையே தாக்குகிறது, கவனித்தீர்களா? பஃபலோவிலிருந்து மூவர், டான்ஸிலிருந்து ஒருவர் என்று நல்ல ஆட்களைப் பொறுக்கிச் சேர்த்த 1950 அணி, 1948 அணியைவிடப் பலமான அணி. அப்படியானால் 1948 அணி என்.எஃப்.எல்.லில் என்ன செய்திருக்கும் என்பதற்கு 1950 சான்றாகாது. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

*

ஏரிக்கரை எழுதியது:

அணியின் முதுகெலும்பைப் பாருங்கள் ஐயா. கிரஹாம், மொட்லி, லவெல்லி, ஸ்பீடி, குரோசா, பில் வில்லிஸ், ஃபிராங்க் காட்ஸ்கி, லூ ரிம்கஸ், லின் ஹூஸ்டன். ஒன்பது பேரும் 1946 முதல் ஆண்டிலேயே இருந்தவர்கள். வந்து சேர்ந்தவர்கள் பலம் கூட்டினார்கள். அணி பழைய அணிதான்.

அதோடு 1948இல் பிரவுன்ஸுக்கு முன்னால் என்ன இருந்தது? தாங்கள் ஏற்கெனவே இரண்டு ஆண்டாக ஆண்டுகொண்டிருந்த ஒரு லீக். 1950இல் ஒவ்வொரு வாரமும் தங்களை மட்டம் தட்டக் காத்திருந்த 12 அணிகள். அந்த நெருக்கடியையும் சேர்த்துத்தான் எடை போடுகிறேன்.

*

கான்டன்_அக்கா எழுதியது:

நீங்கள் எல்லோரும் வியூகம், எண்ணிக்கை என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். மொட்லி, வில்லிஸ் பெயர்கள் பட்டியலோடு பட்டியலாகப் போய்விட்டன. நான் இருக்கும் ஓஹையோ பகுதியில் அந்த இரண்டு பெயர்களை அப்படிக் கடந்துபோக யாருக்கும் மனம் வராது.

1934 முதல் 1945 வரை என்.எஃப்.எல்.லில் ஒரு கறுப்பின வீரர்கூட ஆடவில்லை. விதி என்று எழுதி வைக்கவில்லை. முதலாளிகளிடையே அப்படி ஒரு புரிதல். 1946இல்தான் அந்தக் கதவு உடைந்தது. கிளீவ்லாந்திலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்குப் போன ராம்ஸ் அணி, அங்கே பொது மைதானத்தைப் பயன்படுத்த வேண்டுமானால் கறுப்பின வீரர்களைச் சேர்க்க வேண்டும் என்ற வற்புறுத்தலின் பேரில் கென்னி வாஷிங்டனையும் வூடி ஸ்ட்ரோடையும் சேர்த்தது. அதே ஆண்டு பால் பிரவுன், புதிய லீக்கில், வில்லிஸையும் மொட்லியையும் அழைத்துக்கொண்டார். பேஸ்பாலில் ஜாக்கி ராபின்சன் வந்தது அடுத்த ஆண்டுதான்.

வில்லிஸ், ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிரவுனிடமே ஆடியவர். மொட்லி, கான்டன் நகரில் வளர்ந்தவர். பிரவுன் பக்கத்து ஊரான மாசிலன் பள்ளிக்குப் பயிற்சியாளராக இருந்தபோது அவருக்கு எதிராக ஆடியவர். வெள்ளையரோடு ஒரே மைதானத்தில் இவர்கள் ஆடக் கூடாது என்ற நிலை இருந்ததால் 1946இல் மயாமியில் நடந்த ஆட்டத்துக்கு இருவரும் போகவே இல்லை. களத்தில் கையை மிதிப்பார்கள், வசை பொழிவார்கள். நடுவர்கள் பலர் பார்க்காததுபோல இருந்தார்கள்.

1950இல் மொட்லி 810 கஜம் ஓடி என்.எஃப்.எல்.லிலேயே முதலிடம் பெற்றார். அக்டோபர் 29, பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுக்கு எதிராக 11 முறை பந்தை வாங்கி 188 கஜம் ஓடினார். சராசரி 17 கஜத்துக்கு மேல். அதுவும் அவருடைய பாதி வேலைதான். கிரஹாம் எறிய நின்றால் அவரை நோக்கிப் பாய்கிறவர்களை மோதி நிறுத்துவதும் மொட்லிதான்.

டிசம்பர் 10, கடைசி லீக் ஆட்டம். வாஷிங்டனில். கறுப்பின வீரர் ஒருவரைக்கூடச் சேர்க்க மாட்டேன் என்று 1962 வரை பிடிவாதமாக இருந்த மார்ஷலின் அணி, மார்ஷலின் ஊர். பிரவுன்ஸ் 45, ரெட்ஸ்கின்ஸ் 21. இந்த ஆண்டின் ஆட்டங்களில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால் நான் இறுதிப் போட்டியைச் சொல்ல மாட்டேன். இதைத்தான் சொல்வேன்.

*

பழைய_ஸ்கோர்போர்டு எழுதியது:

இதற்கு எதிர்வாதம் என்னிடம் இல்லை அக்கா. தொழில்முறைக் கால்பந்தின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்ற முதல் கறுப்பின வீரர் 1967இல் எம்லன் டனல், அடுத்தவர் 1968இல் மொட்லி. இரண்டு பேரும் 1950இல் ஒரே பிரிவில் எதிரெதிரே நின்றவர்கள். வில்லிஸுக்கு 1977 வரை தாமதித்தது நியாயமே இல்லை.

*

கான்டன்_அக்கா எழுதியது:

வில்லிஸ் என்றதும் டிசம்பர் 17 பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. அடிக்கடி அந்த ஆட்டத்தை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள்.

பிரவுன்ஸ், ஜயன்ட்ஸ் இரண்டும் 10–2 என்று சமமாக முடித்தன. பிரிவின் வெற்றியாளரைத் தீர்மானிக்கத் தனி ஆட்டம், கிளீவ்லாந்தில். ஏரியிலிருந்து வரும் காற்று, உறைந்து இறுகிய தரை. ஆணி வைத்த காலணி பிடிக்காது என்று ரப்பர் அடிக்கால் கான்வாஸ் காலணி போட்டுக்கொண்டு ஆடினார்கள். முதல் கால்பகுதியில் குரோசா ஒரு ஃபீல்ட் கோல். 3–0. அதன் பிறகு இரண்டு பக்கமும் அசையவில்லை.

கடைசிக் கால்பகுதியில் ஜயன்ட்ஸின் ஜீன் ராபர்ட்ஸ் தடுப்பைப் பிளந்து வெளியே வந்துவிட்டார். முன்னால் ஆளே இல்லை. வில்லிஸ் நிற்பது முன்வரிசையின் நடுவில். இப்படி ஓடுகிறவரைத் துரத்திப் பிடிப்பது அந்த இடத்தில் நிற்பவருடைய வேலையே அல்ல. அவர் எடை சுமார் 210 பவுண்டுதான், ஆனால் முதல் அடியெடுத்து வைப்பதில் அவரைப்போல வேகமானவர் இல்லை. திரும்பினார், துரத்தினார், 4 கஜக் கோட்டருகே பின்னாலிருந்து எட்டிப் பிடித்துச் சாய்த்தார். ஜயன்ட்ஸுக்கு அந்தப் பக்கம் டச்டவுன் கிடைக்கவே இல்லை. ஃபீல்ட் கோலோடு நிற்க வேண்டியதாயிற்று, 3–3. கடைசி நிமிடத்தில் குரோசா மீண்டும் உதைத்தார், 6–3. பிறகு ஜயன்ட்ஸின் சார்லி கானர்லியை அவர்களது கோட்டுக்குப் பின்னாலேயே மடக்கி இரண்டு புள்ளி. 8–3.

அன்று வில்லிஸ் ஒரு நொடி தயங்கியிருந்தால் இந்த இழைக்கே வேலையில்லை.

*

முதல்_வகுப்பு எழுதியது:

அக்கா எழுதியதைப் படித்துவிட்டு அந்த ஆண்டின் புள்ளிவிவரங்களைப் பார்த்தேன். குரோசா இறுதிப் போட்டியில் உதைத்தது 16 கஜ ஃபீல்ட் கோல் என்று இருக்கிறது. இப்போது அவ்வளவு குறைந்த தூரத்தில் ஃபீல்ட் கோலே கிடையாதே?

*

வரைபலகை எழுதியது:

அப்போது கோல் கம்பம் கோல் கோட்டின் மேலேயே இருந்தது. 1974இல்தான் அதை 10 கஜம் பின்னுக்குத் தள்ளினார்கள். பந்து 9 கஜக் கோட்டில், உதைப்பவர் அதற்கு 7 கஜம் பின்னால், ஆக 16. கம்பம் களத்திலேயே நின்றதால் வீரர்கள் அதன்மேல் மோதுவதும் உண்டு.

இறுதிப் போட்டியைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை. ஏரிக்கரை எழுதுவார் என்று எதிர்பார்க்கிறேன்.

*

ஏரிக்கரை எழுதியது:

எழுதுகிறேன்.

டிசம்பர் 24, 1950. எதிரே வந்த அணி எது என்பதிலிருந்தே தொடங்க வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ். 1945இல் கிளீவ்லாந்து ராம்ஸ் என்ற பெயரில் இதே ஊரில் என்.எஃப்.எல். கோப்பையை வென்று, அடுத்த மாதமே ஊரை விட்டுப் போன அணி. பிரவுன்ஸ் வருகிறார்கள், நகரம் இரண்டு அணியைத் தாங்காது என்பதும் அவர்கள் போனதற்கு ஒரு காரணம். கைவிட்டுப் போனவர்களும் அந்த இடத்தை நிரப்பியவர்களும் ஐந்து ஆண்டு கழித்து அதே நகரில் கோப்பைக்காக நின்றார்கள். குளிர், மறுநாள் கிறிஸ்துமஸ், கூட்டம் 29,751தான்.

ராம்ஸ் சாதாரண அணி அல்ல. 12 ஆட்டங்களில் 466 புள்ளி, ஆட்டத்துக்கு 38.8. பாப் வாட்டர்ஃபீல்டு, நார்ம் வான் பிராக்லின் என்று இரண்டு முதல்தர குவார்ட்டர்பேக்குகள். டாம் ஃபியர்ஸ் அந்த ஆண்டு 84 பாஸ் பிடித்து லீக் சாதனை படைத்தார். ஆட்டத்தின் முதல் முயற்சியிலேயே வாட்டர்ஃபீல்டு எறிந்ததை கிளென் டேவிஸ் பிடித்து ஓட, 82 கஜம், டச்டவுன். பலர் இருக்கையில் உட்கார்ந்திருக்கவே மாட்டார்கள்.

கிரஹாம் ஜோன்ஸுக்கு எறிந்து சமன் செய்தார். ராம்ஸ் மீண்டும் முன்னே போனது. லவெல்லி ஒரு டச்டவுன் பிடித்தார். ஆனால் அதற்குரிய கூடுதல் புள்ளிக்கு உதைக்கும்போது பந்து சரியாகக் கைக்கு வரவில்லை. பந்தைப் பிடித்து நிறுத்த வேண்டிய டாமி ஜேம்ஸ் எழுந்து எறிந்து பார்த்தார், பலிக்கவில்லை. பாதி ஆட்டத்தில் ராம்ஸ் 14, பிரவுன்ஸ் 13. அந்த ஒற்றைப் புள்ளி கடைசி வரை எல்லோர் நெஞ்சிலும் உறுத்திக்கொண்டே இருந்திருக்கும். மறுபக்கம் வாட்டர்ஃபீல்டும் மிக அருகிலிருந்து ஒரு ஃபீல்ட் கோலைத் தவறவிட்டிருந்தார்.

மூன்றாம் கால்பகுதியில் லவெல்லி இன்னொன்று பிடித்தார். 20–14. உடனே தலைகீழாயிற்று. டிக் ஹோர்னர் ராம்ஸுக்கு ஒரு டச்டவுன். அடுத்து அரை நிமிடத்துக்குள் மொட்லி பந்தை நழுவவிட, லாரி பிரிங்க் அதை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினார். 28–20.

லென் ஃபோர்டைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அக்டோபர் 15, சிகாகோ கார்டினல்ஸ் ஆட்டத்தில் முழங்கை பட்டு முகத்தின் எலும்புகள் உடைந்தன. அறுவை சிகிச்சை செய்து முகத்தைச் சீரமைத்தார்கள். ஆண்டு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். இந்த ஆட்டத்தில், முகத்தைக் காக்கத் தனியாகச் செய்த காப்போடு, எடை குறைந்த உடம்போடு அவர் களத்தில் இறங்கினார். இறங்கியவர் ராம்ஸின் ஓட்டங்களை அவர்கள் பக்கத்திலேயே பலமுறை வீழ்த்தினார்.

கடைசிக் கால்பகுதி. லவெல்லி அன்று மொத்தம் 11 பாஸ் பிடித்தார். அதில் பலவற்றை இந்த நேரத்தில்தான் பிடித்தார். பம்கார்ட்னர் கோல் கோட்டுக்குள் விழுந்து பிடித்த 14 கஜப் பாஸ். 28–27. பந்து மறுபடி கைக்கு வந்தது, கிரஹாம் ஓடினார், பக்கவாட்டிலிருந்து வந்த மோதலைக் கவனிக்கவில்லை, பந்தை நழுவவிட்டார். ஏறத்தாழ மூன்று நிமிடம் மீதி. ஓரத்துக்கு வந்தபோது மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது என்றும், பால் பிரவுன் தோளில் கை வைத்து, கவலை வேண்டாம், இன்னும் வெல்வோம் என்று சொன்னார் என்றும் கிரஹாம் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். வீரர்களிடம் கடுமையாகவே பேசிப் பழகிய மனிதர் பிரவுன். அந்த நொடியில் அவர் கடிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு.

ராம்ஸால் நேரத்தைக் கரைக்க முடியவில்லை, பன்ட் அடித்தார்கள். பிரவுன்ஸ் தங்கள் 32 கஜக் கோட்டில். இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. பிடிக்க ஆள் கிடைக்காமல் கிரஹாம் தானே 14 கஜம் ஓடினார். பம்கார்ட்னருக்கு ஒன்று, ஜோன்ஸுக்கு ஒன்று, மீண்டும் பம்கார்ட்னருக்கு ஒன்று. ஓரக்கோட்டருகே எறிந்த பாஸ்கள், கடிகாரத்தை நிறுத்த. 11 கஜக் கோடு. அங்கிருந்தே உதைக்கலாம், ஆனால் கிரஹாம் ஒரு முறை பந்தோடு உள்ளே நுழைந்து, குரோசாவுக்கு வாகாகப் பந்தைக் கம்பத்துக்கு நேரே கொண்டுவந்து வைத்தார். குரோசா உதைத்தார். 30–28. அரை நிமிடம்கூட மீதி இல்லை. வான் பிராக்லின் கடைசியாக எறிந்ததை வாரன் லார் பறித்தார்.

கிரஹாம் அன்று நான்கு டச்டவுன் பாஸ் எறிந்தார், ஏறத்தாழ 100 கஜம் ஓடவும் செய்தார். வந்த முதல் ஆண்டே கோப்பை.

*

பழைய_ஸ்கோர்போர்டு எழுதியது:

அருமையாக எழுதினீர்கள். ஆனால் வாட்டர்ஃபீல்டு தவறவிட்ட அந்த ஃபீல்ட் கோலின் மதிப்பு 3 புள்ளி. வித்தியாசம் 2. அந்த உதை உள்ளே போயிருந்தால் கோப்பை எங்கே போயிருக்கும்? பிரிவு ஆட்டத்தில் வில்லிஸின் ஒரு துரத்தல். இரண்டு ஆட்டமும் நூலிழையில் தொங்கியவை. 1948 அணி இப்படி எங்கும் தொங்கவில்லை. அந்த ஆண்டு இறுதிப் போட்டியை 49–7 என்று முடித்தது. ஆண்டு முழுவதும் எதிரியை எழவே விடாத அணியா, நூலிழையில் தப்பிய அணியா, எது பெரிது என்பதே என் கேள்வி.

*

வரைபலகை எழுதியது:

நீங்கள் நூலிழை என்கிறீர்கள் ஐயா. நான் பயிற்சி என்கிறேன். கடைசி இரண்டு நிமிடத்தில் பதறாமல் ஓரக்கோட்டுப் பாஸ்களை வரிசையாக எறிந்து, இறுதியில் உதைப்பவருக்கு வாகாகப் பந்தை நகர்த்தி வைப்பது தற்செயலாக நடப்பதல்ல. முழுநேர உதவிப் பயிற்சியாளர்கள், ஒவ்வொரு வீரரும் தன் கையால் எழுதிப் படிக்க வேண்டிய ஆட்டக் குறிப்பேடு, எதிரணியின் படங்களைப் போட்டுப் பார்த்து மதிப்பெண் இடுவது, உள்ளூர் ஆட்டத்துக்கு முந்தைய இரவும் அணியை ஓட்டலில் தங்கவைப்பது. மற்ற அணிகள் பின்னால் கற்றுக்கொண்டதையெல்லாம் பிரவுன் அப்போதே செய்துவிட்டார். ஒவ்வொரு முறையும் முன்வரிசையின் ஒரு கார்டு வீரரை மாற்றி அனுப்பி, அடுத்த முயற்சியில் என்ன ஆட வேண்டும் என்று அவர் மூலமாகச் சொல்லி அனுப்புவார். கிரஹாமுக்கு அது பிடிக்கவில்லை, தானே தீர்மானிக்க விரும்பினார். ஆனாலும் அது பலன் தந்தது. எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம் என்ற விதி 1950இல் நிலையாக வந்ததும் அந்த முறைக்கு வசதியாகிவிட்டது.

*

கான்டன்_அக்கா எழுதியது:

முதலாளி மிக்கி மக்பிரைடு டாக்சி நிறுவனம் வைத்திருந்தவர். அணியில் இடம் இல்லாத நல்ல வீரர்களை அந்த நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் வைத்துக் காத்திருக்கச் செய்வார்கள். 'டாக்சி ஸ்குவாட்' என்ற வழக்கு அங்கிருந்து வந்ததுதான். காயம் பட்டால் உடனே மாற்று ஆள் தயார்.

*

பழைய_ஸ்கோர்போர்டு எழுதியது:

என் வாக்கு இன்னும் 1948க்குத்தான். ஆனால் அந்த லீக்கைப் பற்றி நான் முதலில் எழுதிய பத்தியை இனி யாராவது சொன்னால், லாண்ட்ரி, ரோ, ஷ்னெல்பாக்கர், வைன்மைஸ்டர் என்ற நான்கு பெயர்களை நானே எடுத்துச் சொல்வேன்.

*

முதல்_வகுப்பு எழுதியது:

ராம்ஸ் இதோடு விட்டுவிட்டார்களா?

*

ஏரிக்கரை எழுதியது:

இல்லை தம்பி. அடுத்த ஆண்டு டிசம்பர் 23, லாஸ் ஏஞ்சலஸில், அதே இரண்டு அணிகள், அதே இறுதிப் போட்டி. கடைசிக் கால்பகுதியில் வான் பிராக்லின் ஃபியர்ஸுக்கு எறிந்த 73 கஜ டச்டவுனில் ராம்ஸ் 24–17 என்று வென்றது. பிரவுன்ஸ் அணி தொடங்கிய பின் இறுதிப் போட்டியில் கண்ட முதல் தோல்வி அது. அதற்கு நீங்களே ஒரு புதிய இழை தொடங்குங்கள். பழைய_ஸ்கோர்போர்டு ஐயா முதல் பதிவைப் போடட்டும்.